சளியைப் பார்த்த மருத்துவர்: ஆஸ்துமாவில் ஈசினோபிலின் வரலாறு

1950களில் இங்கிலாந்தின் டர்பி நகரில் நெஞ்சுநோய் மருத்துவராக இருந்த ஹாரி மாரோ பிரவுன், இளைப்போடு வந்த நோயாளிகளின் சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஸ்டீராய்டு மீது மருத்துவ உலகம் நம்பிக்கை இழந்திருந்த நேரம் அது. நாள்பட்ட ஆஸ்துமாவுக்கு கார்ட்டிசோனால் பெரிய பலன் இல்லை என்று 1956இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சோதனை சொல்லியிருந்தது. பிரவுன் கண்டது வேறு. சளியில் ஈசினோபில் என்னும் வெள்ளணு நிறைந்திருந்தவர்களுக்கு பிரெட்னிசலோன் மாத்திரை நன்றாகக் கேட்டது; அந்த அணு இல்லாதவர்களுக்குக் கேட்கவில்லை. 1958இல் 'லான்செட்' இதழில் இதை எழுதினார்.

இருவகை நோயாளிகளையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்ததால்தான் முந்தைய சோதனையில் மருந்தின் பலன் மங்கிப் போனது. இதே தவறை ஆஸ்துமா ஆராய்ச்சி அரை நூற்றாண்டு கழித்து, இன்னும் அதிகச் செலவில், மறுபடியும் செய்தது.

ஈசினோபிலுக்குப் பெயர் கிடைத்தது 1879இல். இளம் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், இரத்தத் துளிகளுக்குச் செயற்கைச் சாயங்களை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈசின் என்ற சிவப்புச் சாயத்தை ஒருவகை அணு மட்டும் ஆவலோடு உறிஞ்சிக்கொண்டது. இன்றும் ஆய்வகத்தில் அதை இனம் காண்பது எளிது: இரண்டு மடலாகப் பிரிந்த கரு, அதைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் நெருக்கியடித்த மணிகள். ஒட்டுண்ணிப் புழுக்களைத் தாக்கும் நச்சுப் புரதங்கள் அந்த மணிகளுக்குள் இருக்கின்றன. மூச்சுக்குழாயில் அவை கொட்டினால், உரிவது நம் சொந்த உள்தோல்.

அணுவுக்கு முன்பே அதன் எச்சம் கண்ணில் பட்டிருந்தது. 1853இல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் உடற்கூறாய்வில் இருமுனையும் கூரான நிறமற்ற படிகங்களைக் கண்டார். 1872இல் எர்ன்ஸ்ட் ஃபான் லைடன் அவற்றை ஆஸ்துமா நோயாளிகளின் சளியில் கண்டார். அந்தக் கூர்முனைகள் குத்துவதால்தான் மூச்சுக்குழாய் சுருங்குகிறதோ என்று அவர் சந்தேகித்தார். பின்வந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பேச்சு ஒவ்வாமையின் பக்கம் திரும்பியது. மீன் ஒத்துக்கொள்ளாத ஹைன்ஸ் குஸ்ட்னரின் இரத்தச் சீரத்தை கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார், தடித்து வீங்கியது. 1921இல் வெளிவந்த இந்தச் சோதனை சுட்டிய மர்மப் பொருள்தான் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் கண்டறிந்த ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். திசுக்களில் இருக்கும் மாஸ்ட் செல் என்ற அணுவின் மேல் அது ஒட்டியிருக்கும். மகரந்தமோ தூசிப்பூச்சியின் எச்சமோ வந்து பட்டால் நிமிடங்களில் அந்த அணுவிலிருந்து ஹிஸ்டமின் என்ற அழற்சிப் பொருள் வெளிப்படும். 1986இல் மாஸ்மனும் காஃப்மனும் எலிகளின் உதவி டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் இரண்டாம் வகை சுரக்கும் செய்திப் புரதங்களில் இன்டர்லூகின்-4 ஐஜிஇயைக் கூட்டுகிறது. இன்டர்லூகின்-5 ஈசினோபிலை வளர்க்கிறது. ஒவ்வாமை ஆஸ்துமாக்காரர்களின் நுரையீரல் கழுவுநீரிலும் அதே போன்ற டி செல்கள் இருப்பதை 1992இல் லண்டன் ஆய்வு காட்டியது.

ஆனால் எந்த ஒவ்வாமையும் இல்லாமல், நடுவயதில் ஆஸ்துமா தொடங்குபவர்களின் கதை? ஒவ்வாமைச் சோதனைகளில் எதுவும் தெரியாது. சளியிலோ ஈசினோபில் மண்டிக் கிடக்கும். 1947இலேயே ராக்கமான் என்ற மருத்துவர் அவர்களைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார். 2010இல் ஒரு விடை கிடைத்தது. டி செல்லைப் போல் குறிப்பிட்ட எதிரியை அடையாளம் காணத் தேவையில்லாமல், மூச்சுக்குழாய் உள்தோலின் அபயக்குரலுக்கே இன்டர்லூகின்-5ஐ அள்ளிக் கொட்டும் இயல்பு நிணநீர் அணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

ஈசினோபிலே இல்லாத ஆஸ்துமாவும் உண்டு. திடீர்த் தாக்குதலில் இறந்தவர்களின் மூச்சுக்குழாய்ச் சுவரில் நியூட்ரோபில் என்னும் வேறொரு வெள்ளணு மிகுந்திருப்பதை 1993இல் ஓர் ஆய்வு குறித்தது. 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சளியை வைத்து நான்கு வகை பிரித்தார்கள்: ஈசினோபில் மிகுந்தது, நியூட்ரோபில் மிகுந்தது, இரண்டும் கலந்தது, இரண்டுமே குறைந்தது. ஸ்டீராய்டு ஈசினோபிலைச் சாகடிக்கும், நியூட்ரோபிலின் ஆயுளையோ நீட்டிக்கும். இதை அறிந்தால் சிலருக்கு ஏன் மருந்து கேட்பதில்லை என்பது ஓரளவு விளங்கும்.

இனி அந்தப் பழைய தவறு. இன்டர்லூகின்-5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் என்ற ஊசி 2000இல் சோதிக்கப்பட்டது. இரத்தத்தில் ஈசினோபில் சரிந்தது, மூச்சில் மாற்றமில்லை. ஈசினோபில் நிரபராதி என்றுகூடச் சிலர் எழுதினார்கள். 2007இல் 362 பேரிடம் நடந்த சோதனையிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அங்கே சளியைப் பார்த்து ஆள் சேர்க்கவில்லை. கனடாவின் ஹாமில்டனிலும் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் இருந்த இரு குழுக்கள் பிரவுனின் வழிக்குத் திரும்பின. ஸ்டீராய்டு எடுத்தும் சளியில் ஈசினோபில் அடங்காதவர்களை ஹாமில்டன் குழு தேடியது. ஈசினோபிலோடு தாக்குதலும் அடிக்கடி வந்தவர்களை லெஸ்டர் குழு தேர்ந்தது. சேர்ந்தவர்கள் முறையே 20 பேரும் 61 பேரும்தான். 2009இல் முடிவுகள் வந்தபோது, லெஸ்டரில் ஊசி போட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 2 கடும் தாக்குதல். போலி ஊசிக்காரர்களுக்கு 3.4. மருந்து அதேதான், ஆட்களைத் தேர்ந்த விதம்தான் மாறியது. 2015இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது.

'ஈஸ்னோபீலியா' என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளில் புழங்குவதற்கு வேறொரு வரலாறும் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையிலிருந்து 1940இல் ஃப்ரிமோட்-மோல்லரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றி இரத்தத்தில் ஈசினோபில் எகிறும் நோய் ஒன்றை விவரித்தார்கள். இரவில் இருமலும் இரைப்பும் வரும். ஆஸ்துமா என்றே தோன்றும். காரணம் யானைக்கால் புழுவின் இளம் நுண்புழுக்கள் என்று பின்னர் தெரிந்தது. அதற்கு இன்ஹேலர் போதாது; டைஎத்தில்கார்பமசின் என்ற புழுக்கொல்லி மருந்து வேண்டும். ஈசினோபில் கூடியிருக்கிறது என்ற ஆய்வக முடிவு மட்டும் நோயைச் சொல்லிவிடாது.

நியூட்ரோபில் வகை ஆஸ்துமாவுக்கோ மெபோலிசுமாப் போன்ற ஓர் ஊசி இன்னும் அமையவில்லை. இன்டர்லூகின்-17 ஏற்பியை அடைத்துப் பார்த்த 2013 சோதனை கைகொடுக்கவில்லை.

2019இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் லைடனின் படிகத்தை மறுபடி கையில் எடுத்தார்கள். அது ஈசினோபிலுக்குள் இருக்கும் கேலக்டின்-10 என்ற புரதம். அணு வெடித்துச் சாகும்போது வெளியேறிப் படிகமாகிறது. அந்தப் படிகத்தை எலிகளின் மூச்சுக்குழாயில் செலுத்தியதும் அழற்சி எழுந்தது. கரைந்த நிலையில் இருக்கும் அதே புரதம் அப்படிச் செய்யவில்லை. படிகத்தின் மேற்பரப்பைப் பற்றும் எதிர்ப்பொருள்களை உருவாக்கி நோயாளியின் சளியில் விட்டுப் பார்த்தார்கள். லைடன் கண்ட அந்தக் கூர்முனைகள் அதில் கரைந்தன.