வகுப்புக்கு வராத அப்பத்தா

பள்ளிக்கூடத்துப் பிள்ளை அடம்பிடித்தால் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வரலாம். பெரியவர்களை அப்படிச் செய்ய ஆள் கிடையாது. பகலெல்லாம் கடலைக்காட்டில் குனிந்து வேலை செய்துவிட்டு, அடுப்படியை ஒழித்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண் சிலேட்டோடு வந்து உட்கார்கிறார் என்றால், வரவேண்டும் என்று அவருக்கே தோன்றியதால் வந்திருக்கிறார். நாளைக்கு வராவிட்டால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. முதியோர் கல்வியின் வரலாற்றைத் திட்டங்களின் பட்டியலாக எழுதுவதுதான் வழக்கம். எனக்கென்னவோ ‘இவர் நாளைக்கு வருவாரா?’ என்ற கவலையின் வரலாறாகத்தான் அது படுகிறது.

திண்டுக்கல் சீமையில் இந்தக் கவலை பழசு. 1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இவர்களுக்கெல்லாம் மூலநூல் காந்தியின் நிர்மாணத் திட்டம். 1941இல் எழுதப்பட்ட அந்தச் சிறுநூலில் முதியோர் கல்வியும் ஓர் அம்சம். ஆனால் காந்தி அதை அரிச்சுவடியில் தொடங்கச் சொல்லவில்லை. முதலில் வாய்ப்பேச்சு: நாடு என்ன நிலையில் இருக்கிறது, நம் நிலை ஏன் இப்படி என்று பேச வேண்டும். எழுத்து அதோடு கைகோத்து வரட்டும் என்றார். பின்னால் வந்த அரசுத் திட்டங்கள் பல இந்த வரிசையைத் தவறவிட்டன.

1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயதுக்குட்பட்ட 10 கோடிப் பேர், ஐந்தே ஆண்டுகள் என்பது இலக்கு. மையங்கள் திறந்தார்கள், லாந்தர் கொடுத்தார்கள், சிலேட்டுக் கொடுத்தார்கள். பதிவேட்டில் இருந்த தலைகள் பல இடங்களில் திண்ணையில் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு வந்ததுதான் அறிவொளி. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம், 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக எர்ணாகுளத்தின் அறிவிப்பு, 1991இல் புதுக்கோட்டை, அங்கிருந்து திண்டுக்கல் உள்ளிட்ட மற்ற மாவட்டங்கள். சம்பளம் இல்லாத தொண்டர்கள்; பெரும்பாலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வீட்டில் இருந்த உள்ளூர்ப் பெண்கள். சாயந்திரமானால் வீடு வீடாகப் போய் “அத்தை வாங்க, அப்பத்தா வாங்க” என்று கூப்பிட வேண்டும். “வீடு போ போங்குது, காடு வா வாங்குது, எனக்கு எதுக்குடி ஆத்தா படிப்பு?” என்ற பதிலைக் கேட்காத தொண்டர் இருக்க முடியாது.

அந்தப் பதிலை மேலதிகாரிகள் ‘ஆர்வமின்மை’ என்று மொழிபெயர்த்தார்கள். வாசலில் நின்ற பெண்ணுக்கு வேறு காரணங்கள் தெரிந்திருக்கும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கிறவர்கள் விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிவரை வகுப்பென்றால் எப்படி வருவார்கள்? வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். சின்னாளபட்டியில் தறி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, எழுந்தால் அன்றைய கூலி குறையும். கடலை பிடுங்குகிற மாதத்தில் எந்த ஊரிலும் வகுப்புக் கூடாது.

இன்னொரு காரணம் கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. லாந்தர் வெளிச்சத்தில், ஆளுக்கு நடுவே வைத்த புத்தகத்தில், அந்த அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. பக்கத்தில் இருக்கும் இளவயசுக்காரி கடகடவென்று வாசிக்கிறாள். “எனக்கு மண்டையில ஏறல தாயி” என்று எழுந்து போய்விடுவார். ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் தீர்ந்திருக்கும் விஷயம் மண்டையின் குறையாகி, கடைசியில் வெட்கமாகி நின்றுவிடும். பெரியவர்களைப் பொறுத்தவரை வகுப்பை விட்டு விரட்டுகிற மிகப்பெரிய சக்தி இந்த வெட்கம்தான் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளை முன்னால் தப்பாக வாசித்துவிட்டால் அப்பத்தா மறுநாள் ஏன் வரப்போகிறார்?

பாடநூல் இதற்குக் கொஞ்சம் உதவியது. இயக்கத்தின் மூன்று பாடநூல்களும் அனா ஆவன்னாவை மனப்பாடம் செய்ய வைக்காமல் சொல்லிலிருந்து எழுத்துக்குப் போயின. பாவ்லோ ஃப்ரையிரே 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்த முறையின் சாயல் அதில் உண்டு. அவர் ‘செங்கல்’ மாதிரியான ஒரு சொல்லை எடுத்து, வீடு யாருடையது, கூலி எவ்வளவு என்று முதலில் பேசவைப்பார்; அதற்குப் பிறகுதான் எழுத்து. நம் ஊருக்குப் ‘பட்டா’ என்று வைத்துக்கொள்ளுங்களேன். உங்கள் பெயரில் பட்டா இருக்கிறதா என்று கேட்டால் வகுப்பு அரைமணி நேரம் தானாக நடக்கும். ப, ட, டா பின்னாலேயே வரும்.

கணக்கில்தான் இடறினார்கள். நூறுவரை எண்களை எழுத, படிக்க வேண்டும் என்பது இயக்கத்தின் அளவுகோல். தறிக்காரருக்குப் பாவு இழைக் கணக்கு வாயிலேயே நிற்கும். பூக்காரம்மா கிலோ விலையை முழ விலையாக மனசிலேயே மாற்றுவார். இவர்களை உட்காரவைத்து ஒன்று, இரண்டு சொல்லச் சொன்னால் அவமானப்படுத்துகிற மாதிரிதான். அவர்களுக்குத் தேவைப்பட்டது கமிஷன் கடைக்காரர் எழுதித் தரும் சீட்டைச் சரிபார்ப்பது. அந்தச் சீட்டையே பாடமாக வைத்த தொண்டர் பிழைத்துக்கொள்வார்.

புதுக்கோட்டை ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதைப் புரிந்துகொண்டவர். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். சைக்கிளுக்கும் அகரவரிசைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. சம்பந்தம் இருந்தது: தன்னால் முடியாது என்று நினைத்திருந்த ஒன்று முடிந்துபோனதும், மறுநாள் வகுப்புக்கு வர வேறு காரணம் வேண்டியதில்லை. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் சங்கதி இன்னும் ஒருபடி மேலே போனது. துபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவுப் பாடத்தில் வந்த ஒரு கதையைப் பேசிய பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993இல் அரசு சாராயத்தைத் தடைசெய்தது.

கடைசியில் தேர்வு வந்தது. நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்க வேண்டும், 5 சொல் கேட்டு எழுத வேண்டும். வெற்றிவிழா நடந்து, தொண்டர்கள் கலைந்தார்கள். பலர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனார்கள். வாசிக்க எதுவும் இல்லாத வீட்டில் எழுத்து எத்தனை நாள் நிற்கும்? பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுநூல்கள், பிறகு வளர்கல்வி மையங்கள் என்று முயற்சிகள் நடக்காமல் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து அறிவொளி நாட்களை ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் பதிந்திருக்கிறார். திண்டுக்கல் தொண்டர்களில் ஒருவர் அப்படி உட்கார்ந்து எழுதினால் நன்றாக இருக்கும். அவர்களுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும்.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, திண்டுக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 76. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. காடு இப்போது நூறுநாள் வேலையாகவும் மில் வேனாகவும் மாறியிருக்கிறது. சாயந்திரம் வாசலில் போய் நின்று “அப்பத்தா, வாங்க” என்று கூப்பிட இன்றைக்கும் ஒரு பெண் வேண்டியிருக்கிறது.