கார நீரில் ஹாலஜன் நீக்கம்: ஓர் ஆய்வக முறையின் வரலாறும் ஓசூர் எல்லைப்பகுதியும்

முன்னுரை

கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு, பெங்களூருவின் கழிவுநீரையும் ஏற்று ஓசூர் அருகே தமிழகத்தை அடைகிறது. கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரை பலமுறை செய்தியாகியுள்ளது. நுரை, கண்ணுக்குப் புலப்படும் மாசு. குளோரின் முதலிய ஹாலஜன்கள் பிணைந்த அரோமேட்டிக் சேர்மங்களோ எவ்வித அடையாளமுமின்றி நீரில் கலக்கக்கூடியவை. அவற்றுட் பல எளிதில் சிதையாமல் வண்டலிலும் மீன்களின் கொழுப்பிலும் தங்குவன. அவற்றிலிருந்து ஹாலஜனை நீக்கும் முறையொன்றின் வரலாற்றையும், தொழிற்பகுதியில் அதற்குரிய இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முறையின் தோற்றம்

இம்முறை மாசகற்றும் நோக்கில் தோன்றியதன்று. செம்பு 50, அலுமினியம் 45, துத்தநாகம் 5 விழுக்காடு கொண்ட தெவார்தா உலோகக்கலவை, கார நீரில் நைட்ரேட்டை அம்மோனியாவாக மாற்றி அளவிடப் பயன்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் மரே ரேனி, நிக்கல்-அலுமினியக் கலவையிலிருந்து வினையூக்கி செய்யும் முறைக்கு 1927இல் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் காரத்தால் அலுமினியத்தைக் கரைத்து, எஞ்சிய நுண்துளை நிக்கலையே பயன்படுத்தினார். 1942இல் பாப்பா, ஷ்வெங்க் உள்ளிட்டோர் கலவையையே கரிமச் சேர்மத்துடன் கார நீரில் இட்டு, ஒரே கலத்தில் வினையை நிகழ்த்தினர். ஹாலஜன் நீக்கமும் இவ்வழியில் இயலும் என்பது அவர்தம் ஆய்வுத் தொடரில் வெளிப்பட்டது. அண்மையில் செக் நாட்டின் பார்துபித்சே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைக் கழிவுநீருக்கு விரிவுபடுத்தினர்.

வினையும் வரம்பும்

காரத்தில் அலுமினியம் கரையும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. நிக்கலின் பரப்பில் கார்பன்-குளோரின் பிணைப்பு முறிந்து, குளோரின் இருந்த இடத்தில் ஹைட்ரஜன் அமர்கிறது. குளோரின் உப்பாக நீரில் தங்குகிறது. குளோரோபீனால் பீனாலாக மாறினால், நுண்ணுயிர்களால் அதனை எளிதில் சிதைக்க இயலும். உயர் அழுத்தக் கலன் தேவையில்லை.

எனினும், மாசு மிகுதியோ குறைவோ, கார நீர் அலுமினியத்தைக் கரைத்தே தீரும். எனவே மாசு நீர்த்திருக்குமளவு உலோகம் வீணாகிறது. எஞ்சும் அலுமினியச் சேற்றையும் நச்சுத்தன்மையுள்ள நிக்கலையும் மீட்க வேண்டும். தீப்பற்றும் ஹைட்ரஜனையும் பாதுகாப்பாக வெளியேற்ற வேண்டும்.

எல்லைப்பகுதியில் பொருத்தம்

1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டைகள் ஓசூரைத் தொழில்நகராக்கின. 1974ஆம் ஆண்டின் நீர்மாசுத் தடுப்புச் சட்டம் எல்லையின் இருபுறமும் செல்லும். அதனைச் செயற்படுத்தும் வாரியங்களோ வெவ்வேறு. நிலைத்த கரிம மாசுகள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றது. 2016இல் பாலிகுளோரினேற்றப்பட்ட பைபீனைல்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் தடைசெய்தது. தடைக்குப் பின்னும் பழைய கருவிகளிலுள்ள எண்ணெயை அழிக்கும் பொறுப்பு எஞ்சுகிறது.

முடிவுரை

செறிந்த கழிவு பிற நீருடன் கலப்பதற்கு முன், ஆலைக்குள்ளேயே கையாளத்தக்க முறை இது. பொதுக் கால்வாயில் சேர்ந்தபின் பொருட்செலவு பெருகும். ஆற்றில் சேர்ந்தபின் முறையே பயனற்றதாகும். ஆகவே கெலவரப்பள்ளியில் நீரைச் சோதிப்பது மட்டும் போதாது. மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் ஒவ்வொரு ஆலையின் வாயிலிலும் ஹாலஜன் சேர்மங்களைத் தனியே அளந்து பிரிப்பதே, இவ்வரலாறு இரு மாநில வாரியங்களுக்கும் உணர்த்தும் முதற்கடமையாகும்.