கொட்டியாரக் குடாவும் ஒரு சிறிய நாட்டின் காவலும்

மூதூருக்குக் கிழக்கே, சம்பூர் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் கட்டைபறிச்சான். அதற்கு வடக்கே கொட்டியாரக் குடா. குடாவுக்கு அப்பால் திருகோணமலைத் துறைமுகம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என அதனைப் பள்ளியிலே பெருமையோடு மனனம் செய்தோம். அச்சிறப்பு அதன் கரையில் வாழ்ந்தோருக்கு எத்தனை முறை ஆபத்தாய் முடிந்தது என்பதை மட்டும் நாம் கற்கவில்லை.

சிறிய நாடொன்று தன்னைக் காத்துக்கொள்வது எங்ஙனம்? வாளாலா, சொல்லாலா? இவ்வினாவை ஏடுகளிலே தேடவேண்டியதில்லை. இக்குடாவின் வரலாறே அதனை நம்முன் வைக்கிறது.

சோழமண்டலக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்று எழுந்தால் பாய்க்கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. புயலுக்கு அஞ்சாது நங்கூரமிடத் திருகோணமலை ஒன்றே வாய்த்தது. ஆகவே வங்கக் கடலை ஆள விரும்பியோர் அனைவரும் இதனை விரும்பினர். 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர்.

அவர்களை விரட்டக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். கடற்படை இல்லாத அரசன் கடற்படையுள்ளவனைத் துணைக்கு அழைத்தது பிழையன்று. வேறு வழி அவனுக்கு இருக்கவுமில்லை. ஆனால் மீட்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது அரசன் விருப்பத்தின்படியா, அவர்களின் விருப்பத்தின்படியா என்பதில் இருவரிடமும் இருந்த படிகள் வேறுபட்டன. 1639இல் திருகோணமலை போர்த்துக்கேயரிடமிருந்து வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் அது கண்டியின் கைக்கு வந்ததாயினும், 1665இல் ஒல்லாந்தர் தாமே வந்து அமர்ந்துகொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைச் சொல்வதுண்டு. ஆயிரம் பக்க ஆராய்ச்சியைவிட அப்பழமொழி நமக்குப் பிடித்திருக்கிறது.

இராசசிங்கன் பாடம் படித்தானா? 1660இல் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று இக்குடாவில் ஒதுங்கியது. தலைவன் அரசனுக்கு முறைப்படி ஓலையும் காணிக்கையும் அனுப்பவில்லை. ஐயுற்ற அரசன் ஆட்களைச் சிறைப்பிடித்தான். அவர்களுள் ஒருவனான றொபேட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டியில் கிடந்து, தப்பிச்சென்று, எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. 1672இல் அதே அரசன் பிரெஞ்சுக்காரருக்கு இக்குடாவில் இடமளித்தான்; ஒல்லாந்தர் அவர்களைச் சில திங்களில் துரத்திவிட்டனர். ஒருவனைக் கொண்டு மற்றவனை விரட்டும் இந்த ஆட்டத்தில் அரசனிடம் இருந்தது மதி மட்டுமே, கப்பல் இல்லை. 1766இல் அவனுக்குப் பின்வந்தோர் கடற்கரை முழுவதையும் ஒல்லாந்தருக்கு எழுதிக்கொடுக்க நேர்ந்தது.

1782இல் ஒரே ஆண்டில் இத்துறைமுகம் ஆங்கிலேயர் கைக்கும், பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. போர் முடிந்ததும் ஐரோப்பாவிலே கையெழுத்தான உடன்படிக்கையொன்று அதனை ஒல்லாந்தருக்கே திருப்பியளித்தது. கரையில் வலைவீசியவனிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். இம்முறை 1957 வரை தங்கினர்.

பேரரசின் தளம் நமக்குக் காவல் என்றார்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையின் மீது குண்டு பொழிந்தன. அன்றே ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. பிரித்தானியக் கப்பற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. தளம் எதிரியை அழைத்தது, காவலனோ போய்விட்டான்.

இருந்தும் 1947 நவம்பரில் டி. எஸ். சேனநாயக்கா பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்து தளங்களை அவர்களிடமே விட்டார். பெரிய அயல்நாடான இந்தியாவைப் பற்றிய அச்சமே அவரை அவ்வழியில் செலுத்தியது. விலை என்ன? இது சுதந்திர நாடுதானா என்று கேட்டுச் சோவியத் ஒன்றியம் ஐக்கிய நாடுகள் சபையின் வாசலில் இலங்கையைத் தடுத்தது. 1955 டிசம்பரில்தான் கதவு திறந்தது. தளத்தைக் கொடுத்துப் பெற்ற பாதுகாப்பு, உலக அரங்கில் நம் குரலைப் பறித்தது. அதே வலதுசாரி அரசு, அமெரிக்காவின் வெறுப்பையும் பொருட்படுத்தாது 1952இல் மக்கள் சீனத்தோடு இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்ததையும் மறவாது குறிக்கவேண்டும். வயிறு சில வேளைகளில் சித்தாந்தத்தைவிட நல்ல இராசதந்திரி.

1957 ஒக்டோபரில், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் ஆட்சியில், கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. ஒரு வேட்டும் தீர்க்கப்படவில்லை, பேச்சே போதுமாயிற்று. நாம் அதனை வாழ்த்துகிறோம். ஆயினும் தளத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளர் வேலையிழந்து திகைத்து நின்றதையும் சொல்லாமல் விடின் அவ்வாழ்த்து அரைகுறையே. 1962இல் இந்திய–சீனப் பிணக்கைத் தணிக்கக் கொழும்பில் ஆறு நாடுகள் கூடின. 1971இல் இலங்கை முன்னின்று உழைக்க, இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் செய்தது. பெரும் படையில்லாத நாடு இதைவிட உயரமாக எழுந்து நின்றதில்லை.

அந்த உயரம் எங்கே போயிற்று? அந்நியரோடு சமாதானம் பேசத் தெரிந்த அரசு, தன் குடிமக்களோடு பேசத் தவறியது. 1956இன் மொழிச் சட்டம் முதல் 1983இன் கொலைகள் வரை உள்ளே மூட்டிய தீயே வெளியாரை உள்ளே அழைத்தது. 1987 யூலை 29இன் இந்திய–இலங்கை உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். தமிழர் சிக்கலைத் தீர்க்க எழுதிய அத்தாள்களோடு பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவத்திற்கும் தருவதில்லை என்ற உறுதியும், பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய ஏற்பாடும் இடம்பெற்றன. குடிமகனின் உரிமையும் துறைமுகத்தின் சாவியும் ஒரே உறைக்குள் போயின.

2006 ஓகஸ்டில் மூதூரில் போர் மூண்டது. சம்பூரிலிருந்து புலிகளின் பீரங்கிகள் துறைமுகத்தை எட்டும் என்பதால் அப்பகுதி அரசுக்கு இன்றியமையாததாயிற்று. செப்டெம்பரில் படையினர் அதனைக் கைப்பற்றினர். துறைமுகம் காக்கப்பட்டது. சம்பூர் மக்களோ வீடிழந்து அலைந்தனர். பின்னர் அவர்களிற் பலர் கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் அமைந்த முகாம்களில் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தனர். கட்டைபறிச்சானில் இருந்தோருக்குச் சொந்த ஊர் நடந்துபோகும் தூரம். அங்கே உயர் பாதுகாப்பு வலயம், பின்னர் கடற்படை முகாம், அனல்மின் நிலையத் திட்டம். 2015 முதலே காணிகள் கட்டங்கட்டமாய் மீண்டன. எவருடைய பாதுகாப்பு அது?

2025 ஏப்ரல் 5இல் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்புத் துறைப் புரிந்துணர்வு ஒப்பந்தமொன்றில் கொழும்பில் கையெழுத்திட்டன. அதே நாளில் சம்பூர்ச் சூரிய மின்சாரத் திட்டத்தின் வேலையும் தொடக்கி வைக்கப்பட்டது. கையெழுத்திட்டபோது அப்பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வாசகம் மக்கள் முன் வைக்கப்படவில்லை. 1638இல் அரசனுக்காவது ஒரு படி கிடைத்தது.