ஹமார்ட்டோமா

வீசிய ஈட்டி ஆளைத் தொடாமல் பக்கத்து மண்ணில் குத்தி நின்றால், ஹோமரின் கிரேக்கத்தில் அதற்கு 'ஹமார்ட்டானோ' என்ற வினைச்சொல் உண்டு. குறி தவறுதல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த 'ஹமார்ட்டியா', அரிஸ்டாட்டிலிடம் துன்பியல் நாயகனின் பிழையானது. புதிய ஏற்பாட்டில் பாவமானது.

1904இல் ஜெர்மன் நோயியலாளர் ஆய்கன் ஆல்ப்ரெக்ட் இந்த வேரோடு கட்டியைக் குறிக்கும் 'ஓமா' விகுதியைச் சேர்த்தார். உறுப்புக்கு உரிய திசுவே ஒழுங்கு கெட்டு வளர்ந்த கட்டிக்கு ஹமார்ட்டோமா என்று பெயர். அது புற்றுநோய் அல்ல.

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபணு நோயில் இந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்துகிறது. கருவில் மூளையின் நரம்பணுக்கள் உள்ளாழத்தில் பிறந்து, மேற்புறணியில் தமக்குரிய அடுக்குக்கு நகர்ந்து போகின்றன. அணுக்களின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருப்பவை ஹமார்ட்டின், டியூபரின் என்ற இரு புரதங்கள். முதலாவதன் பெயரிலும் அதே கிரேக்க வேர்தான். அந்தக் கடிவாளம் அறும் இடங்களில் அணுக்கள் பருத்து, அடுக்கு கலைந்து, கிழங்குபோல் இறுகிய திட்டுகளாகின்றன. வலிப்பு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஹமார்ட்டோமா என்ற சொல்லைத் தமிழாக்குவோர் தயவுசெய்து 'பாவம்' என்ற பொருளின் பக்கம் போக வேண்டாம். இந்நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு மரபணுப் பிறழ்வு புதிதாகவே தோன்றுகிறது. பெற்றோரிடம் அது இருப்பதில்லை. 'தடம் மாறிய கட்டி' என்று நான் எழுதுவேன்.