பை எச்சொல்லின் தலையெழுத்து?

வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பை என்ற பெயர் பித்தாகரசின் முதலெழுத்தால் வந்தது என்பார் இன்னும் இருக்கிறார்கள். கிரேக்கத்தில் அவர் பெயர் அவ்வெழுத்தில் தொடங்குவது மெய். அதற்குமேல் அக்கூற்றில் மெய் இல்லை. பழங்கிரேக்கர் அவ்வெழுத்தை எண்ணாக வழங்கியபோது அதன் மதிப்பு 80. அந்த விகிதம் 223/71க்கு மேல், 22/7க்குக் கீழ் என்று நிறுவிய ஆர்க்கிமிடீசும் அதற்கு இப்பெயரை இடவில்லை.

பெயர் பிறந்தது இங்கிலாந்தில். வில்லியம் ஆட்ரெட் 1647இல் பரிதிக்குப் பையும் விட்டத்துக்கு டெல்ட்டாவும் இட்டு எழுதினார். 1697இல் டேவிட் கிரெகரி பையை ஆரத்தின் குறியான ரோவால் வகுத்தார். இவ்விருவர் கையிலும் பை பரிதியைத்தான் குறித்தது, விகிதத்தை அன்று. 1706இல் வேல்சு நாட்டு வில்லியம் ஜோன்சு தம் கணித நூலில் 3.14159 எனத் தொடங்கும் எண்ணுக்கே அவ்வெழுத்தைச் சூட்டினார். 1748இல் ஆய்லரின் பெருநூல் வெளிவந்தபின் அது உலக வழக்காயிற்று.

இனி, எச்சொல்லின் தலையெழுத்து? 'பெரிமெட்ரோஸ்' என்பது ஒரு கட்சி. ஆர்க்கிமிடீஸ் அச்சொல்லை ஆண்டிருப்பதே அவர்களுக்குள்ள ஒரே தூண். ஆனால் குறியிட்டவர் ஆர்க்கிமிடீஸ் அல்லரே! ஜோன்சு ஆரம் ஒன்றான வட்டத்தை எடுத்துக்கொண்டு, 'அரைப் பெரிபெரி' என்று எழுதி, அதன் பக்கத்திலேயே பையை வைத்திருக்கிறார். யூக்ளிட் வட்டத்தின் வளைகோட்டைக் குறிக்க ஆண்ட சொல்லும் 'பெரிபெரெயா'தான்: பெரி, சுற்றி, பெரெயின், சுமத்தல். சுற்றிச் சுமந்து வருவது. குறியிட்டவரே எழுதிவைத்த சொல் இருக்க வேறு சொல்லுக்கு அலைவானேன்?

கிரேக்கரும் ஜெர்மானியரும் அவ்வெழுத்தைப் பீ என்கிறார்கள். பை என்பது ஆங்கிலேயர் ஒலிப்பு. நமக்குப் பள்ளிக்கூடம் வழியாக வந்தது. ஆகவே தமிழ்ப் 'பை'க்குள் வட்டத்தைத் தேடுவோருக்கு விடை சொல்ல வேண்டுவதில்லை. கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணக்கு நூலில் பை இருக்கிறது என்போருக்கும் ஒரு சொல்: அரைப் பரிதியை அரை விட்டத்தால் பெருக்கி வட்டத்தின் பரப்புக் காணும் அந்நூலின் விதி பிழையற்றது. பிழையற்றதாயிருப்பதே அதில் பை என்னும் எண்ணுக்கு வேலை இல்லாததால்தான்.

உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. கிரேக்கத்தின் 'பெரி'யும் வடமொழியின் 'பரி'யும் உடன்பிறந்தவை. ஒன்றிடமிருந்து ஒன்று கடன்பெற்றவை அல்ல. 20000 விட்டத்துக்குப் பரிதி 62832, அதுவும் 'ஆசன்னம்', அதாவது அண்மித்தது மட்டுமே என்று சொன்ன ஆரியபட்டர் அங்கே ஆளும் சொல் 'பரிணாகம்', சுற்றிக் கட்டுவது. வேள்வித் தீயைச் சுற்றி வைக்கும் கோல்கள் பரிதி. ஞாயிற்றைச் சூழும் ஒளிவட்டம் பரிதி. தமிழில் ஞாயிறே பரிதி. அச்சொல்லைத் தனித்தமிழ் வேரில் நிறுத்துவோர் உண்டு. அவர்கள் வடமொழியின் பரிணாகத்தையும் ஒளிவட்டத்தைக் குறிக்கும் பரிவேடத்தையும் என்ன செய்வார்கள்?

விட்டத்தின் கதையும் இதற்கு இசைவே. ஆரியபட்டரின் 'விட்கம்பம்' கதவின் தாழ்க்கட்டையையும் குறிக்கும். தமிழ் விட்டம் வீட்டின் உத்தரத்தையும் குறிக்கும். குறுக்கே கிடப்பது என்பதே இரண்டிலும் கருத்து. குறுக்கே கிடப்பதற்கு ஒரு பெயர், சுற்றி வருவதற்கு ஒரு பெயர் என்று கண்ணால் கண்டதற்குத்தான் பழையோர் சொல் படைத்தார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட விகிதத்துக்குத் அவர்கள் தனிச்சொல் படைக்கவில்லை; பின்வந்தோர் சுற்றி வருவதன் தலையெழுத்தையே அதற்கும் சூட்டிவிட்டார்கள். ஆகவே பையின் 'ப' பெரிபெரெயாவின் 'ப'. பரிதியின் 'ப'வும் அதன் உடன்பிறப்பே என்பது என் துணிபு.