ஏட்டுச் சுவடியும் மின்னூலகமும்

1706 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடியிற் கரையிறங்கிய சீகன்பால்க் ஐயர், ஈராண்டுகளுக்குள் தமிழ் ஏடுகளாலாகிய ஒரு நூலகத்தைத் திரட்டினார். 1708 இல் அவர் வரைந்த 'பிப்லியோதெக்கா மலபாரிக்கா' என்னும் பட்டியல் அதற்குச் சான்று. 119 தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. தம் எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, பார்ப்பனக் கைம்பெண்களிடம் எஞ்சியிருந்த ஏடுகளை அவர் விலைக்கு வாங்குவித்தார், பிறவற்றைப் பெயர்த்தெழுதுவித்தார். நற்செய்தி அறிவிக்க வந்தவர், தாம் உடன்படாத நூல்களையும் பொறுமையோடு கற்றார் என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

அவ்வேடுகளிற் பெரும்பாலானவை இன்று நமக்குக் கிட்டவில்லை. பட்டியலோ ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டமையாற் பிழைத்தது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எளிதில் அழியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றோடு மறைந்தன. ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை மின்வடிவிற் காக்கும் 'நூலகம்' திட்டம் 2005 இல் தொடங்கியது. இன்று அங்குள்ளவற்றை எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம்.

ஆய்வுக் கட்டுரைகளை அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்னும் அறைகூவல் 2002 இல் வெளியான புடாபெஸ்டு அறிக்கையில் எழுந்தது. 2003 இல் பெர்லின் அறிக்கை அதனை வலியுறுத்தியது. வறிய இறையியற் கல்லூரிகளுக்கு இது பெரும்பேறு. ஆயின், 'எல்லாம் வலையில் இருக்க நூலகத்துக்குப் பொருள் செலவிடுவானேன்?' என்று வினவுவோர் நம்மிடையே உளர். அவர்கள் மூன்றினை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சந்தா செலுத்திப் பெறும் மின்னிதழ்களிற் பல நமக்குச் சொந்தமல்ல. சந்தா நின்றால், முன்பு வாசித்த இதழ்களும் கைநழுவக் கூடும். இரண்டாவது, திறந்த வெளியீடும் செலவற்றதன்று. பல இதழ்கள் வாசகரிடம் வாங்காத கட்டணத்தை எழுதுவோரிடம் வாங்குகின்றன. நம் நாட்டு ஆய்வாளர் பலர் அதனைத் தாங்க இயலாதவர். மூன்றாவது, நம் திருச்சபைகளின் ஜூபிலி மலர்கள், துண்டுப் பிரசுரங்கள், சபைப் பதிவேடுகள், கீர்த்தனைக் கையெழுத்துப் படிகள் ஆகியவற்றிற் பெரும்பகுதி எந்த வலையிலும் இல்லை. அவை பேழைகளிற் கறையானுக்கு இரையாகின்றன.

அயல்நாட்டுப் பேரகராதிகளைப் பிறர் மின்வடிவாக்குவர். நம் சிற்றூர்ச் சபையின் வரலாற்றை நமக்காக எவர் செய்வார்? ஆகவே ஒவ்வொரு இறையியற் கல்லூரியும் தன் வட்டாரத்துச் சபை ஆவணங்களைத் தேடித் திரட்டி, பட்டியலிட்டு, மின்படியெடுத்து, அப்படிகளை இரண்டு மூன்று இடங்களிலேனும் வைத்தல் வேண்டும். தனியாட்களின் செய்தி அடங்கிய பதிவேடுகளைத் திறக்குமுன் சபையாரின் இசைவைப் பெறுதலும் கடமையாகும். சிறையிலிருந்த பவுலடியார் குளிருக்கு மேலங்கியோடு புத்தகங்களையும் கேட்டனுப்பினார். கேட்கும் மாணவருக்குக் கொடுப்பதற்கு நம்மிடம் இருத்தல் வேண்டும். போதகர்கள் இவ்வாண்டே தத்தம் சபைப் பேழைகளைத் திறந்து பார்ப்பார்களாக.