பாலிடெக்னிக்கில் தொடங்கிய திரைக்கல்வியும் தங்கவயலும்

இந்தியத் திரைக்கல்வியின் வரலாறு பெரும்பாலும் 1960இல், புனே பிரபாத் படப்பிடிப்பு நிலைய வளாகத்தில் தொடங்கப்பட்ட நிறுவனத்திலிருந்தே எழுதப்படுகிறது. எங்கள் ஊரிகத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் அதைவிட மூத்த தொடக்கம் ஒன்று உண்டு. பெங்களூரு ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில் 1940களிலேயே ஒளிப்பதிவு ஒரு பட்டயப் படிப்பு. மைசூரில் பிறந்த வி. கே. மூர்த்தி 1946இல் அங்கே பட்டயம் பெற்றுப் பம்பாய் சென்றார். குரு தத்தின் 'பியாசா' (1957), இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே பூல்' (1959) இரண்டுக்கும் அவரே ஒளிப்பதிவாளர். 2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஓர் ஒளிப்பதிவாளர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. 1962இல் அதே பாலிடெக்னிக்கில் படிப்பை முடித்த கோவிந்த் நிஹலானி, மூர்த்தியிடமே உதவியாளராகப் பணிபுரிந்தார். நிஹலானியின் 'துரோக்கால்' தமிழில் 'குருதிப்புனல்' (1995) ஆனபோது அதை இயக்கியவர், அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்ற பி. சி. ஸ்ரீராம்.

பாலிடெக்னிக் என்ற இடம் கவனத்திற்குரியது. சிவசமுத்திரத்தின் நீர்மின்சாரம் 1902இல் முதலில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கே வந்தது. பெங்களூரு 1905 வரை காத்திருந்தது. மின்சாரத்தையும் தொழிற்கல்வியையும் தன் பெருமையாகக் கருதிய சமஸ்தானத்தில், கேமராவும் ஓர் இயந்திரமாகவே கல்லூரிக்குள் நுழைந்தது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் திரையில் தெரிவதற்கு என்ன பொருள் என்ற கேள்வி அந்த வகுப்பறைக்கு வெளியே நின்றுவிட்டது.

தமிழ்ச் சூழலில் அக்கேள்வியை எழுப்பியவர்கள் யார் என்று பாருங்கள். தமிழ்த் திரையை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து 1981இல் நூல் வெளியிட்ட கா. சிவத்தம்பி, ஈழத்துத் தமிழ்ப் பேராசிரியர். அதே ஆண்டில், தேசிய இயக்கத்தில் நாடகமும் சினிமாவும் ஆற்றிய பங்கை எழுதிய தியடோர் பாஸ்கரன், அஞ்சல் துறை அதிகாரி. எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தை 1992இல் நூலாக ஆராய்ந்த எம். எஸ். எஸ். பாண்டியன், பொருளியல் பயின்றவர். மூவரில் ஒருவர்கூடத் திரைப்படத் துறை ஆசிரியர் அல்லர். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்ற சிவத்தம்பியின் கவனிப்பு, ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளரின் ஊரான தங்கவயலில் வேறொரு அழுத்தம் பெறுகிறது.

இந்தப் பிளவு எங்களுக்கு வெறும் பாடத்திட்டச் சிக்கல் அன்று. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று வெளியூர் மாணவருக்குத் தங்கவயல் என்றால் 2018, 2022 ஆண்டுகளில் வந்த கன்னட 'கே.ஜி.எஃப்.' படங்கள்தாம். அவற்றின் முதற்பாகத்தில் எங்கள் சயனைடு மேடு படப்பிடிப்புத் தளமாயிற்று. அங்கே உழைத்தவர்களோ பெயரற்ற அடிமைக் கூட்டமாயினர். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்த மக்கள் இவர்கள். பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) அம்மக்களை வட ஆர்க்காட்டுப் பறையர் குடிகளாக, பெயரோடும் நிலத்தோடும் காட்டியது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து, 'எது உண்மை?' என்று கேட்பதோடு பல கருத்தரங்குகள் நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதாத கேள்வி. 'கே.ஜி.எஃப்.' படத்தின் சுரங்கத்தில் எந்த மொழி கேட்கிறது, உண்மையான சுரங்கத்தில் எது கேட்டது? அந்த இருட்டுக்கு எவ்வாறு ஒளியமைத்தார்கள், அவ்வொளியில் எவருடைய முகம் தெளிகிறது? முதற்கேள்வி மொழியியல் மாணவருக்குரியது, மற்றது பாலிடெக்னிக் மாணவருக்குரியது. விடைகாண இருவரும் ஒரே வகுப்பில் அமர வேண்டும்.

வட ஆர்க்காட்டிலிருந்து வந்தோரின் பேச்சு, தெலுங்கும் கன்னடமும் கலந்த 'லைன்' வீடுகளில் தலைமுறைகளாக மாறி வந்திருக்கிறது. 'தங்கலா'னின் உரையாடலை எழுத்துப்பெயர்த்து, ஊரிகத்து முதியோரின் இன்றைய பேச்சோடு ஒப்பிடலாம். நான் பயின்ற மொழியியல் முதுகலையில் திரைப்படத்திற்கென ஒரு தாள்கூட இல்லை.